விவரம் கேட்கப் போனேன்

மாமு!

இப்படிக் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் "சொல்றா" என்று ஒரு குரல் வரும். இப்போது வராது என்று தெரியும். இருந்தாலும் போனில் எழுத உட்கார்ந்ததும் விரல் முதலில் அதைத்தான் அடித்தது. அடித்ததை நான் அழிக்கவில்லை.

கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. யூட்யூபில் வேறு பெயர். எனக்கு அவன் மாமு, அவனுக்கு நான் மாமு. அவன் கானா பாடுவான், நான் டோலக் அடிப்பேன். மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்தே ஒரே செட். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அந்த வாரம் அடுத்தடுத்து ப்ரோக்ராம் இருந்தது. ப்ரோக்ராம் முடிந்தால் எங்கள் எல்லோருக்குமே உடம்பு வலிக்கும், கண் எரியும், சூடு அடிக்கும். அதுதான் என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் என்னமோ குறைந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. இன்னும் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. தொட்டால் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கம் வராதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு பாடுகிறவன் இருக்கிறான். கானா செட், பேண்டு செட், கோயில் பாடகர் குழு, இப்போது கையை வெட்டி வெட்டி வேகமாகப் பேசுகிற ராப் பசங்கள். யாருக்கும் அது மட்டுமே தொழில் இல்லை. நான் யார்டில் கன்டெய்னர் கழுவுகிறேன். அவன் காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐஸ் ஏற்றிய கையோடு வந்து மைக்கைப் பிடிப்பான், மைக் ஜில்லென்று இருக்கும்.

ரெக்கார்டிங் எல்லாம் எர்ணாவூரில்தான். நான் இருக்கிற குவார்ட்டர்ஸில் மூணாவது மாடியில் ஒருத்தன் தன் ரூம் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்கிறான். கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துதான் பாட வேண்டும், கீழே இடம் இல்லை. ஒரு டேக் நன்றாக வருகிறது என்றால் அந்த நேரம் பார்த்து ரோட்டில் டிரெய்லர் ஹாரன் அடிக்கும், இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா மிக்ஸியைப் போடும். மாமு ஜன்னலில் தலையை விட்டுக் கத்துவான்.

"யக்கா, சட்னி அரைச்சிட்டியா? நான் பாடலாமா?"

"நீ பாடுறதுக்கு என் மிக்ஸியே தேவலடா!"

அந்த அக்காவும் அவன் சாவுக்கு வந்திருந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது.

படகுக்குப் பெயர் எழுதுகிற ஒரு அண்ணன் இருக்கிறார். எங்கள் டோலக்குக்கும் அவர்தான் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். படகு முகப்பில் மாதா வரைவார், முருகர் வரைவார், சொன்னால் நடிகையும் வரைவார். மூணு பேருக்கும் ஒரே முகம். ஒருநாள் மாமு அவரிடம் வம்பு செய்தான்.

"இன்னாணே, மாதாவுக்கு லிப்ஸ்டிக்கு ஜாஸ்தியா கீது?"

"போடா டேய். உப்புத்தண்ணி பட்டா ரெண்டு மாசத்துல வெளுத்துடும். அப்ப பாரு, கரீட்டா கும்புடுற மாதிரி இருக்கும்."

ஒரு தடவை ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து கேமரா தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். மாமு புது பேன்ட், புது சட்டை போட்டு, தலைக்கு ஜெல் போட்டு வந்து நின்றான். அவர்கள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லுங்கியில் வந்தால் ஒரிஜினலாக இருக்கும் என்றார்கள். "இன்னா சார், லுங்கி கட்டுனாதான் என் தொண்டை தொறக்குமா?" என்று கேட்டான். அவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேன்ட்டோடேதான் பாடினான். அந்த வீடியோ வரவே இல்லை.

எங்களை அதிகம் கூப்பிடுவது சாவு வீட்டுக்குத்தான். ஐஸ் பெட்டியில் உடம்பு இருக்கும், வெளியே சாமியானா, சீரியல் லைட், மைக் செட். இறந்தவரைப் பற்றி நாங்கள் பாடுவோம். எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டைப் பாட முடியாது. அந்த ஆள் யார், என்ன செய்தார், அவருக்காக யார் அழுகிறார்கள், எல்லாம் பாட்டுக்குள் வர வேண்டும். அப்போதுதான் வீட்டுக்காரர்கள் உடைந்து அழுவார்கள். அழாமல் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பவர்களை அழவைப்பதுதான் எங்கள் வேலை. அதற்காகப் பாடுவதற்கு முன்னால் ஒருத்தன் உள்ளே போய் விவரம் கேட்டு வர வேண்டும். எங்கள் செட்டில் அது நான்.

"உன் மூஞ்சி துக்கத்துக்குன்னே செஞ்ச மூஞ்சி மாமு. நீ போ. நான் போனா சிரிச்சிடுவேன்" என்பான்.

அதற்கு ஒரு முறை உண்டு. எதிரில் உட்காரக் கூடாது, பக்கவாட்டில் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். முதலில் வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கேட்க வேண்டும். அப்புறம் என்ன சாப்பிடப் பிடிக்கும், யார் யார் பெயரைச் சேர்க்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி. அதை மறந்தால் அடிதடி ஆகிவிடும். யார் பெயரைச் சேர்க்கக் கூடாது? பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், ஊருக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற இன்னொரு சம்சாரம், இப்படி எல்லா வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும். எட்டாவதோடு நின்றவன் நான், எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. கேட்டதை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு வந்து மாமு காதில் சொல்வேன். அவன் அதைப் பாட்டாக்கிவிடுவான்.

அவன் அம்மா காசிமேட்டு மார்க்கெட்டில் மீன் அறுத்துக் கொடுக்கிறவர். அப்பா எப்போதோ இறந்துவிட்டார். ஒரு அக்காவை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மாவுக்குக் கானா என்றாலே ஆகாது. சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடிய பிள்ளை, இப்படிச் சாவு சாவாகப் போய் நிற்கிறானே என்று அவருக்கு ஆறவே இல்லை. "தெனம் சாவு வூட்டுக்குப் போயி போயி, ஒரு நாள் அத்த நம்ம வூட்டுக்கே இட்டாந்துடுவ பாரு" என்று நான் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். அவன் பாடி அவர் கேட்டது இல்லை. போனில் போட்டுக் காட்டினால்கூடக் கையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது காலையில். ராயபுரத்தில் அவர்கள் வீடு இருக்கிற சந்தில் ஐஸ் பெட்டி நேராக நுழையவில்லை, சாய்த்துத் தூக்கினோம். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். வெளியே ஒவ்வொரு செட்டாக வந்தது. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பாடுகிறவன் ஒருத்தன் போனால் மற்ற செட்டுகள் தானாக வந்து பாடிவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். டோலக், டேப் மேளம், கீபோர்டு எல்லாம் உறை போட்டபடி சுவரில் சாய்ந்து நின்றன. மைக் செட்டையும் இறக்கி வைத்துவிட்டார்கள். ஆனால் யாரும் உறையை அவிழ்க்கவில்லை. அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், பாட்டு கூடாது என்று. சாயங்காலம் ஃபாதர் வருவார், ஜெபம் செய்வார், கல்லறைக்கு எடுத்துவிடுவார்கள்.

திருவொற்றியூர் செட்டில் பாடுகிற அண்ணன் என்னிடம் வந்தார். மாமுவுக்கும் அவருக்கும் எப்போதும் முட்டல். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிழித்துக்கொள்வார்கள். எங்களைப் பார்த்தாலே "வந்துச்சுடா ஐஸு வண்டி" என்பார். அன்றைக்குக் கண் சிவந்திருந்தது.

"இன்னாடா இது? ஊர்ல கீற பொணத்துக்கெல்லாம் பாடுனவன். அவன் சும்மா போவணுமா?"

"அம்மா வேணான்னு சொல்லிட்டாங்கண்ணே."

"கேட்டியா நீ?"

"நான் கேக்கல."

"அப்ப போயி கேளு. கேக்கறவன் நீதான? வேற யாரு கேப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்தப் பாட்டு இல்லாமல் அவனை எடுத்துவிட்டால் எனக்கு அப்புறம் எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே அம்மா பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை. நான் போய் உட்கார்ந்தேன். எப்போதும்போலப் பக்கவாட்டில், குத்துக்கால் போட்டு. வாயைத் திறந்தேன்.

"எம்மா, வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்க?"

அம்மா திரும்பிப் பார்த்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் என்ன கேட்டேன் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வாய் அடுத்ததற்குப் போய்விட்டது.

"இன்னா துன்னப் புடிக்கும்?"

அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்குள் இருப்பது அவன். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவன் அம்மாவை. நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, படுத்து, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "பைத்தியமாடா நீ?" என்று என் தோளைத் தள்ளியது. எழுந்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவன் அம்மா அந்தக் கையை விலக்கினார். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் எனக்குச் சொல்வதுபோலவே, தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலவே, சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று சொன்னார். கைக்குழந்தையில் வைத்தது. இத்தனை வருஷத்தில் என் காதில் அது விழுந்ததே இல்லை. அதை இங்கே எழுத மாட்டேன்.

"துன்றதுக்கா? மீனு புடிக்காது அவனுக்கு. சின்னதுலேர்ந்தே புடிக்காது. வெளிய சொல்லாதம்மான்னு சத்தியம் வாங்கிக்கினான். மீனு அறுக்கறவ புள்ளைக்கு மீனு ஆவாதுன்னா சிரிப்பாங்கன்னு. ரசம் ஊத்தி ஒரு அப்பளம் கொடுத்தா போதும், ராசா மாதிரி துன்னுவான்."

எங்கே சாப்பிட்டாலும் அவன் தட்டில் இருக்கிற மீன் துண்டு என் தட்டுக்கு வந்துவிடும். "துன்னு மாமு, உனக்குத்தான் தெம்பு வேணும், அடிக்கறவன் நீ" என்பான். பாசம் என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அதைக் கேட்டபோது சிரிப்பு வர வேண்டும், இல்லை அழுகை வர வேண்டும். இரண்டும் வரவில்லை. அடுத்ததைக் கேட்டேன்.

"யார் யாரு பேரு சேக்கணும்?"

"அவங்க அப்பா பேர சேத்துக்கோ. அவன் அக்கா, அக்கா புருசன், அந்தக் கொழந்த. ஐஸ் கம்பெனில கூட வேல செய்ற பசங்கள ஒட்டுக்கா சொல்லிடு." கொஞ்சம் நிறுத்தி, "உன் பேரு சேக்காம இருந்துடாத" என்றார்.

கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் விவரம் கேட்க உட்கார்ந்தவன் அதைக் கேட்காமல் எழக் கூடாது.

"யாரு பேரு சேக்கக் கூடாது?"

"என் பேரு."

"எம்மா..."

"வேணாம்ப்பா. ஒரு நாளு குந்திக்கினு அவன் பாட்ட கேக்கல நான். செத்தப்பறம் பாட்டுல எதுக்கு நான்?"

அம்மா ஜெபமாலையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"ஃபாதர் வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு பாடச் சொல்லு. ஆனா பாட்டு முடிஞ்சதும் மைக்குல சொல்லணும், அல்லாரும் அவன் ஆத்துமாவுக்காக வேண்டிக்கோங்கன்னு. நீ சொல்லு. பாடறவன் சொன்னா அதையும் பாட்டுன்னு கைதட்டிட்டுப் பூடுவானுங்க."

வெளியே வந்து திருவொற்றியூர் அண்ணன் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். மாமு காதில் சொல்கிற மாதிரியே கையை வாய்க்கு மறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன். பாடச் சொன்ன சந்தோஷத்தில் உறையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் நின்றுவிட்டார்.

"அம்மா பேரு கூடாதா? அம்மா இல்லாத எப்பிடிடா பாடுறது? வெளாடுறியா?"

"அவங்க சொன்னதுண்ணே."

"எந்த அம்மாடா அப்பிடி சொல்லும்?"

"சொன்னாங்க."

அவர் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். எனக்கு டோலக்கை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பாடினார். அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. ஐஸ் ஏற்றுகிற கை, ஜில்லென்ற மைக், கோயிலில் முதல் வரிசை, எல்லாம் வந்தது. ஐஸ் கம்பெனி பசங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். படகு அண்ணன் ஒரு ஓரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். என் பெயர் வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை தாளம் தப்பவில்லை. யாரோ ஒருத்தனுடைய பெயர் மாதிரி இருந்தது.

எப்போதும் அம்மாவைப் பாடுகிற இடம் வந்தது. எல்லாச் சாவுப் பாட்டிலும் உச்சி அதுதான். அண்ணன் அங்கே மைக்கை இறக்கிவிட்டார். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த இடம் முழுக்க டோலக் மட்டும் போனது. நான் அடித்துக்கொண்டே உள்ளே பார்த்தேன். அம்மா வாசலைப் பார்த்துத் திரும்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. அண்ணன் மைக்கை என் கையில் கொடுத்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. எனக்கு அது தெரியும். சந்து முழுக்க ஆட்கள். சொல்லவில்லை. நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மைக் செட் பையன், "ஆன்லதான்ணே கீது, பேசு" என்றான். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். மூச்சு விடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அது என் மூச்சு என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். எல்லோரும் வழிவிட்டார்கள். மைக் என் கையிலிருந்து போய்விட்டது.

அதற்கப்புறம் எடுத்துவிட்டார்கள். மண் போட்டோம். மறுநாள் யார்டுக்குப் போனேன், கன்டெய்னர் கழுவினேன். எல்லாம் நடக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், யாராவது ஜோக் சொன்னால் சிரிக்கிற இடத்தில் சிரிக்கிறேன். இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இன்னும் ரெண்டு அடி அடித்தால் இவர் உடைந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். என் விஷயத்தில் எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோயிலில் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். கட்டையில் ஒரு பெரிய மீனை வைத்து அறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னிக்கி சொல்லல நீ."

"இல்லம்மா."

"இன்னாத்துக்கு?"

"தெரிலம்மா. வரல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. செதிலைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"பாட்டு கேட்டு நாம அழுதோம், அது நமக்கு. அவனுக்குப் போய்ச் சேர்றது ஜெபம்தான். உத்தரிக்கிற ஸ்தலத்துல ஆத்துமா காத்துக்கினு இருக்கும்ப்பா. இங்க யார்னா வேண்டிக்கினாதான் அங்கேர்ந்து மேல போவும். நான் ஒருத்தி சொல்லிக்கினு கீறேன். ஒருத்தி சொன்னா எத்தினி நாளு ஆவும்?"

பக்கத்தில் மீன் வாங்க நின்றவர், "சீக்கிரம்மா" என்றார். அம்மா துண்டுகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "எப்ப வருதோ அப்ப சொல்லு. காத்துக்கினுதான் இருப்பான்" என்றார்.

எனக்கு இன்னும் வாயால் வரவில்லை. மைக் இல்லாமல், தனியாக, குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. எழுதினால் வருகிறது. அதனால்தான் இத்தனையும் எழுதினேன். எனக்கு ஜெபம் தெரியாது. சாமி விஷயத்தில் நான் ஒன்றும் ஒழுங்கு இல்லை. அந்த அம்மா சொன்ன இடம் உண்மையில் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. இருந்தால் அவன் அங்கே தனியாக இருக்கிறான், அவனுக்குத் தனியாக இருந்து பழக்கம் இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி. கோயிலோ, மசூதியோ, விகாரையோ, பஸ்ஸில் போகிற வழியிலோ, எங்கே இருந்தாலும் சரி. எங்கள் மாமுவின் ஆத்துமாவுக்காக எல்லோரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.